தாயைக் கேட்டவர் யார்?

தாயைத் தெய்வம் என்று வாய் ஓயாமல் சொல்லுகிறவர்கள் நாம். ஆனால் அத்தெய்வம் பெற்ற பிள்ளைக்குக் கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை, மூன்று வயதாகியும் கால் ஊன்றவில்லை, ஐந்து வயதாகியும் அம்மா என்ற சொல் வரவில்லை என்று தெரிந்த மாத்திரத்தில், அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவதற்கு நமக்கு அரை நாழிகை போதும். கிரகணத்தன்று வெளியில் போனாயா? மசக்கையில் எதைத் தின்றாய்? எந்தக் கோயிலுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாமல் விட்டாய்? உன் பிறந்த வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா? இவ்வாறு கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கேட்கிறவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் அல்லர். மாமியார், நாத்தனார், அடுத்த வீட்டு அக்காள் முதலானவர்களே. பிள்ளையின் தகப்பனிடம் இக்கேள்விகளில் ஒன்றேனும் கேட்கப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இத்தகைய பிள்ளைகளின் சிகிச்சையையும் கல்வியையும் தொழிலையும் பற்றி எழுதியவர்கள் பலர். அவை அவசியமே. ஆயினும் நாம் இங்கே எழுதப் புகுந்தது அப்பிள்ளையைப் பெற்று வளர்க்கிறவளின் மனத்தைப் பற்றி. மனம் என்றவுடன் பொறுமை, தியாகம், விதி என்று உபதேசம் தொடங்கிவிடுமோ என்று வாசகர்கள் அஞ்ச வேண்டாம். உபதேசத்திற்கு நம் சமூகத்தில் எக்காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இப்பிள்ளைகளுக்கென்று நடந்த காரியங்களின் சரித்திரத்தை, அத்தாயின் பக்கத்தில் நின்று ஒரு முறை பார்ப்போமானால், எவர் முதலில் கவனிக்கப்பட்டார், எவர் கடைசிவரை காத்திருந்தார் என்பதும், ஏன் அப்படி என்பதும் விளங்கும். அதுவே நமது நோக்கம்.

பழமையின் பெருமை பேசுகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுவோம். புறநானூற்றின் 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் எட்டு வகைக் குறைபாடுகளை எண்ணிக் காட்டுகிறார். குருடு, கூன், ஊமை, செவிடு என்று அப்பட்டியல் போகிறது. இவை பயனில்லாப் பிறவிகள் என்று முன்னோர் சொன்னதாக ஒதுக்கி வைத்துவிட்டு, அரசனுக்கு அறம் பொருள் இன்பத்தைப் போதிக்கப் புலவர் போய்விடுகிறார். அவ்வெட்டில் ஒவ்வொன்றையும் ஒரு தாய் பத்துத் திங்கள் சுமந்திருப்பாளே என்ற நினைவு அவருக்கு எழவில்லை. வினைக் கொள்கையோ ஒதுக்குவதோடு நிற்காமல் காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்தது. போன பிறவியில் செய்த பாவம் என்றது. அது பிள்ளை செய்த பாவமா, பெற்றவள் செய்த பாவமா என்பதில் படித்தவர்களுக்குள் பேதம் இருக்கலாம். லயத்து வாசலில் பேதம் இருந்ததில்லை. அது பெற்றவளின் தலையிலேயே வந்து விழுந்தது. தன் பிள்ளையைத் தன் பாவத்தின் சாட்சியாக எண்ணும்படி பழக்கப்பட்ட ஒரு பெண், அப்பிள்ளையைத் தூக்கிக் கொண்டு தோட்டத்து டிரஸ்ஸரிடம் போவாளா, அல்லது வீட்டுக்குள் ஒளித்து வைப்பாளா என்பதை வாசகர்களே யோசித்துப் பார்ப்பார்களாக.

மேல்நாடு மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்டால், அங்கேயும் வெகு காலம் இதே வழக்குத்தான் வேறு உடையில் நடந்தது. பிள்ளைகளின் கைகால் விறைத்துப் போகும் நோயை, அதாவது இன்று மூளை வாதம் எனப்படுவதை, 1861-ல் லண்டன் பிரசவ வைத்தியர் சங்கத்தில் விவரித்த வில்லியம் லிட்டில் என்பவர், கஷ்டமான பிரசவமே அதற்குக் காரணம் என்றார். இல்லை, கருவிலேயே நேர்ந்துவிட்ட கோளாறினால்தான் பிரசவமும் கஷ்டமாகியிருக்கக் கூடும் என்று 1897-ல் மறுத்தவர் சிக்மண்ட் பிராய்டு. பிற்கால ஆராய்ச்சி பெரிதும் பிராய்டின் பக்கமே சாய்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிராய்டின் பெயரைச் சொல்லிக் கொண்டு வந்த மனோதத்துவக்காரர்களே பின்னால் தாய்மார்கள் மீது மிகக் கொடிய பழியைச் சுமத்தினார்கள். 1943-ல் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி, ஆட்டிசம் என்ற நிலையை உலகத்திற்கு அறிவித்தார். அக்குழந்தைகளின் பெற்றோர் அன்பில் குளிர்ந்தவர்கள் என்றும் அவர் எழுதினார். அது வளர்ந்து, குளிர்பெட்டித் தாய்மார்கள் என்ற வசையாயிற்று. 1967-ல் சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் ஒரு பெரிய புத்தகம் எழுதி அதை ஊரெங்கும் பரப்பினார். கிரகணம் என்று சொன்ன பாட்டிக்கும் இந்தப் பேராசிரியருக்கும் என்ன பேதம்? பாட்டிக்குப் பட்டம் இல்லை, அவ்வளவே.

பழியைத் துடைத்தவர்களும் உண்டு. ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையாகிய பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-ல் வெளியிட்ட நூல், இது மூளையின் அமைப்பைச் சேர்ந்தது, வளர்ப்பின் குற்றமல்ல என்று வாதித்தது. 1969-ல் கானரே பெற்றோர்களின் மகாநாட்டில் நின்று, உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்ற கருத்துப்படப் பேசினார். டவுன் சிண்ட்ரோம் என்னும் நிலையை 1866-ல் விவரித்த லாங்டன் டவுன், பெற்றோரின் காசநோயே அதற்குக் காரணம் என்று எண்ணினார். 1959-ல் பாரிஸில், மார்த் கோத்தியே என்ற பெண் வைத்தியர் திசுக்களை வளர்த்துக் கொடுக்க, ழெரோம் லெழேன் முதலியோர் உண்மையை வெளியிட்டார்கள். 21-ஆம் எண்ணுள்ள குரோமோசோம் இரண்டிருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருக்கிறது என்பதே அது. தின்றதாலும் வருவதில்லை, திகைத்ததாலும் வருவதில்லை. 1959-க்குப் பிறகும் கிள்ளானில் ஒரு தாய் இதைக் கேட்டறியாதிருந்தால், அக்குற்றம் அவளுடையதன்று, அறிந்தவர்களுடையது.

தாய்மார்களைக் கூண்டில் ஏற்றாமல் அவர்களுடைய வாய்ச்சொல்லைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு வைத்தியரையும் சொல்ல வேண்டும். 1941-ல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துக் கண் வைத்தியர் நார்மன் கிரெக், பிறவியிலேயே கண்ணில் புரை படர்ந்த குழந்தைகள் வழக்கத்திற்கு மாறாகப் பலர் வருவதைக் கண்டு திகைத்தார். காத்திருக்கும் அறையில் தாய்மார்கள் இருவர், கர்ப்ப காலத்தில் தங்களுக்கு ஜெர்மன் தட்டம்மை கண்டதாகப் பேசிக் கொண்டது அவர் காதில் விழுந்ததாம். அவர் விசாரித்தார். 78 குழந்தைகளில் 68 குழந்தைகளின் தாய்மார்களுக்கு அந்த அம்மை வந்திருந்தது. அதிலிருந்து பிறந்த அறிவுதான் பின்னால் தடுப்பூசியாகி, நம் நாட்டிலும் 2002 முதல் குழந்தைகள் எல்லோருக்கும் போடப்படுகிறது. அம்மை வந்தால் ஆத்தாள் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டும் நம்மவர்கள், இரண்டு தாய்மார்கள் வராந்தாவில் பேசிக் கொண்ட பேச்சு எத்தனை ஆயிரம் கண்களைக் காப்பாற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1901-ல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தவுடன் கிள்ளானிலும் அங்கும் மலேரியா தலைவிரித்தாடிற்று. அவ்வாண்டு அவ்விரண்டு இடங்களிலும் இறந்தவர்கள் 582 பேர். அப்போது கிள்ளானில் சர்க்கார் வைத்தியராயிருந்த மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடியச் செய்யும் வேலையில் இறங்கினார். கால்வாய்கள் வெட்டப்பட்டன. மறு ஆண்டு இறந்தவர்கள் 144. அதற்கடுத்த ஆண்டு 115. சாவின் கணக்கு இவ்வாறு எழுதப்பட்டது. மலேரியா மூளையைத் தாக்கினால் பிழைத்த பிள்ளைகளிலும் சிலர் வலிப்புடனும், கைகால் விழுந்தும், புத்தி மந்தித்தும் மிஞ்சுவார்கள். அவர்களின் கணக்கையும், அவர்களை இடுப்பில் சுமந்தவர்களின் கணக்கையும் எழுத எந்த அலுவலகத்திலும் புத்தகம் திறக்கப்படவில்லை. ஆயினும் நேர்த்திக் கடன்களால் ஆகாத ஒன்றை அக்கால்வாய்கள் செய்தன என்பதை நாம் தயங்காமல் சொல்லுவோம். வராமல் தடுக்கப்பட்ட ஒவ்வொரு காய்ச்சலும் ஒரு தாயின் கண்ணீரை முன்னதாகவே துடைத்தது.

தோட்டத்துத் தாயின் நாளை அறியாதவர் நம் வாசகர்களில் இருக்க மாட்டார்கள். பொழுது விடியுமுன் பெரட்டு. பிறகு பால் வெட்டு, மங்கு கழுவுதல், பால் எடுத்தல், தோளில் வாளி, நிறுவை. வீடு திரும்பினால் விறகும் தண்ணீரும் சமையலும். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் ஏணையில் போட்டுவிட்டு வரலாம். பள்ளி வயது வந்த பிள்ளைக்கு, ஒரே இனத்தைச் சேர்ந்த 7 முதல் 14 வயது வரையுள்ள 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. கொட்டகையை விட்டு வளர்ந்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கும் லாயக்கில்லை என்று தள்ளப்பட்ட பிள்ளைக்கு? அதற்குச் சட்டத்தில் வரி இல்லை. ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆகவே, மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லயத்தில் உட்கார்ந்தாள். ஒரு பிள்ளையின் குறைபாட்டுக்கு இரண்டு பெண்களின் ஆயுள் ஈடாயிற்று. லயத்து வாழ்வில் ஓர் ஆதரவும் இருந்தது என்பதை மறைக்க மாட்டோம். சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டுக் கிழவிக்குக் காது கேட்கும், பிள்ளை அலறினால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அதே மெல்லிய சுவரின் வழியாகத்தான் ஏச்சும் வந்தது.

ஏதேனும் கற்பிக்கலாம் என்று விரும்பிய தாய்க்கு அக்காலத்தில் இருந்த வழி என்ன? கண்ணில்லாத பிள்ளைகளுக்காக ஆங்கிலிக்கன் மிஷனார் 1926-ல் மலாக்காவில் செயின்ட் நிக்கலஸ் இல்லத்தைத் தொடங்கினார்கள். 1931-ல் அது பினாங்குக்குப் போயிற்று. 1948-ல் ஜொகூர் பாருவில் இளவரசி எலிசபெத் பெயரால் ஒரு பள்ளி எழுந்தது. காது கேளாதவர்களுக்கு 1954-ல் பினாங்கில் பள்ளி ஏற்பட்டது. நல்ல காரியங்களே. ஆனால் கோலாலம்பூரிலிருந்து பினாங்கும் ஜொகூர் பாருவும் தனித்தனியே 200 மைலுக்கு மேல். எழுத்தறியாத ஒரு தாய், கண் தெரியாத ஆறு வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு, கடிதம் வந்தால் கிராணியிடம் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அனுப்பினால் பெற்ற மனம் துடிக்கும். அனுப்பாவிட்டால், மூடத் தாய், பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுத்தாள் என்று படித்தவர்கள் ஏசுவார்கள். இரண்டில் எதைச் செய்தாலும் குற்றம் அவளுடையதே.

இந்த நிலையில்தான் கோலாலம்பூர் நகரத்திலேயே, நம்மவர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில், ஒரு பெரிய மாறுதல் நேர்ந்தது. 1881-ல் தீயும் வெள்ளமும் ஊரை அழித்த பிறகு, கட்டிடங்களைச் செங்கல்லால் கட்ட வேண்டுமென்று சுவெட்டன்ஹாம் வற்புறுத்தவே, சூளைகள் எழுந்த இடம் அது. பின்னர் ரயில்வே வந்து, யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்தாருமாக ரயில்வே சிப்பந்திகள் அங்கே குடியேறினர். 1951-ல் மலாயாக் குருடர் சங்கம் ஏற்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்ட ஹைகமிஷனர் ஹென்றி கர்னியின் பெயரால் 1953-ல் பிரிக்பீல்ட்ஸில் பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது. பிரம்பு வேலை, தட்டெழுத்து, தொலைபேசி இணைப்பு முதலியன கற்பிக்கப்பட்டன. 1964-ல் பார்வையற்றோர் தங்களுக்குள்ளேயே ஒரு சங்கம் அமைத்துக் கொண்டார்கள். இன்று பிரிக்பீல்ட்ஸ் வீதியில் வெண்கோலைத் தட்டிக் கொண்டு வேலைக்குப் போகிறவர்களையும், உடம்பு பிடித்துவிடும் நிலையங்களை நடத்திச் சம்பாதிக்கிறவர்களையும் காணாதவர் யார்? தானே உழைத்து உண்ணும் மகனைக் கண்ட தாயின் மனம் எவ்வளவு குளிர்ந்திருக்கும்! இதை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

ஆனால் காலவரிசையைக் கவனியுங்கள். கண்ணில்லாதவர் முதலில், காது கேளாதவர் அடுத்து. மூளை வாதமுள்ள பிள்ளைகளுக்காகப் பெட்டாலிங் ஜெயாவில் நிலையம் ஏற்பட்டது 1960-களில். மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான சிலாங்கூர்ச் சங்கம் 1964-ல். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் ஆகியவற்றுக்கான ஸ்தாபனங்கள் 1980-களின் பிற்பகுதியில். எந்தப் பிள்ளையை நாள் முழுவதும் தூக்கிச் சுமக்க வேண்டுமோ, எந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயதிலும் ஊட்டிவிட்டுக் கழுவிவிட வேண்டுமோ, எந்தப் பிள்ளை இரவெல்லாம் விழித்திருந்து வீட்டையும் விழிக்கச் செய்யுமோ, அந்தப் பிள்ளையின் தாயே அதிகக் காலம் காத்திருந்தாள். ஏன்? உதவி என்பது பிள்ளை பிற்காலத்தில் எவ்வளவு சம்பாதிக்கும் என்ற கணக்கைப் பார்த்து வந்ததேயொழிய, தாய் இப்போது எவ்வளவு உழைக்கிறாள் என்ற கணக்கைப் பார்த்து வரவில்லை. நாம் சொல்ல வந்த விஷயம் இதுதான்.

இந்தக் கணக்கு வெள்ளைக்காரனோடு கப்பலேறிப் போய்விட்டது என்று நினைப்பது தவறு. சுதந்திர நாட்டில் 1997-ல் வந்த விசேஷக் கல்வி விதிகள், பிறர் உதவியின்றித் தன்னைத் தானே பார்த்துக் கொள்ளக் கூடிய பிள்ளையே கல்விக்குத் தகுதி உடையது என்று வரையறுத்தன. எவளுக்கு நான்கு மணி நேர ஓய்வு மிக அதிகமாகத் தேவையோ, அவளுடைய பிள்ளையே இவ்வரையறைக்கு வெளியே நின்றது. 2013-ல் விதிகள் மாற்றப்பட்டன. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பலாகாது என்ற கொள்கை 2019-ல் வந்தது. 1926-லிருந்து எண்ணினால் 93 ஆண்டுகள். 2008-ல் உடற்பேறு குறைந்தோருக்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. உரிமைகளைச் சொன்ன அச்சட்டத்தில், மீறினவர்களுக்குத் தண்டனை என்ன என்று சொல்லும் பிரிவு அப்போது வைக்கப்படவில்லை.

தாயின் மனத்தைப் பற்றிய ஆராய்ச்சி என்ன சொல்லுகிறது? 1962-ல் அமெரிக்காவில் சைமன் ஓல்ஷன்ஸ்கி என்பவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்றவர்களுக்கு உண்டாகும் துக்கம் ஓராண்டில் ஆறிப் போவதன்று, ஆயுள் முழுதும் நீடிப்பது, ஆயினும் அது நோயன்று, இயல்பு என்று அவர் கூறினார். ஏற்றுக் கொள், ஏற்றுக் கொள் என்று வைத்தியர்களும் ஆலோசகர்களும் பெற்றோரை நச்சரிப்பதை அவர் கண்டித்தார். அவர்களுக்கு வேண்டியவை பிள்ளையை விட்டுச் செல்லப் பகல் நேரப் பள்ளிகளும், ஆண்டுக் கணக்கில் பேசக் கேட்க ஒருவரும் என்றார். எவ்வளவு எளிய வார்த்தை! மகன் வயதொத்த பிள்ளைகள் பள்ளிச் சீருடை உடுத்தும் ஜனவரி மாதத்திலும், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பூப்பு நீராட்டு நடக்கும் நாளிலும், தம்பிக்குக் கலியாணம் பேசும்போதும் அத்துக்கம் திரும்பத் திரும்ப வரும். வருவதைக் கண்டு, இன்னுமா அழுகிறாய் என்று கேட்பது அறியாமை.

மற்றொன்றையும் கேளுங்கள். வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மார்களையும் மற்றத் தாய்மார்களையும் ஒப்பிட்ட பல ஆராய்ச்சிகளை ஜார்ஜ் சிங்கர் என்பவர் 2006-ல் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார். முதல் வகையில் 100-க்கு 29 பேரிடமும், இரண்டாம் வகையில் 19 பேரிடமும் கடுமையான மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. 29 என்பது அதிகந்தான். ஆனால் மிச்சம் 71 பேர் இருக்கிறார்கள் அல்லவா? குறைபாடுள்ள பிள்ளை பிறந்துவிட்டால் தாயின் வாழ்வு இருண்டே தீரும் என்பது விதியானால் இந்த 71 பேர் எங்கிருந்து வந்தார்கள்? பிள்ளையின் நோய்ப் பெயர் மட்டும் தாயின் மனத்தைத் தீர்மானிப்பதில்லை. உறக்கமும், காசும், புருஷனின் துணையும், பேச ஒரு தோழியும், பழியின்மையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இவற்றுள் எதுவும் விதியின் கையில் இல்லை, நம் கையில் இருக்கின்றது.

கேட்பவர் இல்லாத இடத்தில் தாய்மார்களே எழுந்து நின்ற வரலாறும் உண்டு. பம்பாயில் 1972-ல் ஸ்பாஸ்டிக் சங்கத்தை நிறுவிய மிது அலூர், மூளை வாதமுள்ள ஒரு பெண்ணின் தாய். சென்னையில் 1985-ல் பின்னாளில் வித்யாசாகர் என்று பெயர் பெற்ற நிலையத்தைத் தொடங்கிய பூனம் நடராஜனும் அத்தகைய மகனின் தாய். டெல்லியில் 1991-ல் ஆட்டிசத்துக்கான அமைப்பைத் தொடங்கிய மெரி பருவாவும் தாயே. இம்மூவரும் படித்தவர்கள். பால்மரத்தடியில் நின்றவளுக்கு அவ்வாய்ப்பு இல்லை என்பதை மறந்து, நீயும் அவர்களைப் போல் ஏன் செய்யவில்லை என்று கேட்க ஒருவரும் துணிய வேண்டாம். இந்தியாவில் 1999-ல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் இப்பிள்ளைகளுக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க வழி செய்தது. எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி, எந்தத் தாயின் தலையணைக்கடியிலும் இருப்பது. அதை ஒரு சர்க்கார் சட்டப் புத்தகத்தில் ஏற்றியது பெரிய காரியமாகும்.

நம் நாட்டில் 1984-ல் திரங்கானு மாநிலம் பத்து ராகிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வு நிலையங்கள், பி.டி.கே. என்ற பெயரால் இன்று கிள்ளான் வட்டாரத்திலும் நடைபெறுகின்றன. பிள்ளையைத் தொலைதூரம் அனுப்பாமல், ஊரார் உதவியுடன் ஊரிலேயே பயிற்றுவது அவற்றின் முறை. பினாங்குக்கு ரயிலேற்றிய காலத்தை எண்ணினால் இது பெரும் முன்னேற்றம். ஆயினும் இம்முறையில் ஓர் ஆபத்து உண்டு. வீட்டிலும் பயிற்சி நடக்க வேண்டும் என்ற பெயரால், தாயே ஆசிரியை, தாயே கைகால் பிடிக்கும் மருத்துவத் தாதி என்று வேலை கூடிவிடக் கூடாது. பாத்திரம் தேய்க்கவும் துணி துவைக்கவும் அவளுக்கு வேறு கை கொடுத்துவிட்டல்லவா பயிற்சி அட்டவணையைக் கொடுக்க வேண்டும்?

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. அங்கிருந்து கிளம்பியவர்கள் புறம்போக்குக் குடியிருப்புகளிலும், பிறகு அடுக்குமாடி வீடுகளிலும் வந்து சேர்ந்தார்கள். லயத்துச் சுவர் மெல்லியதென்றோம். அடுக்குமாடிச் சுவர் கெட்டி. பதினோராம் மாடியில், பன்னிரண்டு வயது மகனை இறக்கிக் கொண்டுவர மின்தூக்கி ஓடாத நாளில், ஒரு தாய் கதவைச் சாத்திக் கொண்டு உள்ளேயே இருந்துவிடுகிறாள். முன்பு ஒளித்து வைத்தது வெட்கம். இப்போது ஒளித்து வைப்பது படிக்கட்டு. ஆயாக் கொட்டகையும் இல்லை, எட்டிப் பார்க்கக் கிழவியும் இல்லை.

இதற்கு நம் சங்கங்கள் செய்யக் கூடியது என்ன என்று கேட்டால், இமயமலையைப் பெயர்க்க நாம் சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம் சமூகம் பணம் திரட்டிக் கட்டிய மண்டபங்கள் எத்தனை! கலியாணமும் விழாவும் பெரும்பாலும் சனி ஞாயிறுகளில். மற்ற நாட்களில் நாற்காலிகளை அடுக்கிப் பூட்டி வைக்கிறோம். வாரத்தில் இரண்டு காலைகள், ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை, அவற்றில் ஒன்றைத் திறந்து, பயிற்சி பெற்ற இருவருக்குச் சம்பளம் கொடுத்து அமர்த்தி, மாதர் பகுதியிலிருந்தும் வாலிபர் பகுதியிலிருந்தும் முறை வைத்து நால்வர் வந்தால், பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளலாம். கூட்டிவர ஒரு வேன் வேண்டும். தலைவாசலில் நான்கு படி இருக்கும் இடத்தில் சரிவுப் பாதை வேண்டும். மாலைக்கும் மேளத்துக்கும் செலவாவதில் ஒரு பகுதி போதும். உள்ளே பிள்ளைகள் விளையாடட்டும். வெளியே திண்ணையில் தாய்மார்கள் உட்கார்ந்து பேசட்டும், அல்லது பேசாமல் தூங்கட்டும். அந்த நான்கு மணி நேரத்தில் அவர்களுக்குச் சொற்பொழிவு செய்ய மட்டும் யாரையும் அழைக்க வேண்டாம்.